மணியை அடக்கும் உரிமை



அலுவலக மேசைமீது வீற்றிருக்கும் தொலைபேசியில் இன்று இரண்டு வசதிகளைக் காண்கிறோம். வரும் அழைப்பின் மணி ஒலிக்கவொட்டாமல் தடுப்பது ஒன்று. அவ்வழைப்பை வேறொருவர் மேசைக்குத் திருப்பிவிடுவது மற்றொன்று. பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் முடிந்துவிடும் இச்சிறு செயல்களுக்குப் பின்னே ஒரு நெடிய வழக்கு இருக்கிறது. ஓர் அழைப்பு எவரைச் சேரவேண்டும், எப்போது சேரவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்பதே அவ்வழக்கு.

1876ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றபோது அக்கருவியில் மணியே இல்லை. மறுமுனையில் இருப்பவரை அழைக்கவேண்டுமானால் கருவியின் தகட்டைப் பென்சிலால் தட்டுவார்கள். அல்லது வாய்விட்டுக் கூவுவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் கேட்கும், இல்லையேல் இல்லை. பெல்லின் உதவியாளரான தாமஸ் வாட்சன் இக்குறையைப் போக்க முயன்றார். முதலில் தகட்டைத் தட்டும் சிறு சுத்தியல் ஒன்றை அமைத்தார். பிறகு கரகரவென்று ஒலிக்கும் ஒரு பொறியைச் செய்தார். அதன் ஓசை செவிக்கு உகந்ததாக இல்லை. இறுதியில், கைப்பிடியைச் சுழற்றினால் மின்சாரம் பிறந்து மறுமுனையில் மணியடிக்கும் முறையைக் கண்டார். அடுத்த வீட்டு அறைவரை கேட்கக்கூடிய அந்த மணிக்கு மக்கள் அன்று மகிழ்ந்தார்கள். அதை அடக்கவும் ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் பின்னால் வந்ததே.

1878 சனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் முதல் வாணிகத் தொலைபேசி இணைப்பகம் 21 சந்தாதாரர்களுடன் தொடங்கியது. அன்றுமுதல் அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் வந்து அமர்ந்தார். அவர்தாம் இணைப்பாளர். தொடக்கத்தில் இப்பணிக்கு இளைஞர்களை அமர்த்தினார்கள். அவர்களுடைய துடுக்குத்தனம் பொறுக்கமுடியாமற் போகவே பெண்களை நாடினார்கள். 1878 செப்டம்பரில் பாஸ்டன் நகரில் பணியேற்ற எம்மா நட் என்னும் அம்மையாரே அவ்வகையில் முதல்வர்.

இணைப்பாளர் வெறும் கம்பி செருகுபவர் அல்லர். சிற்றூர்களில் மருத்துவர் எவ்வீட்டு நோயாளியைப் பார்க்கப் போயிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். நள்ளிரவில் மருத்துவரை வேண்டி அழைப்பு வந்தால், அதை அவர் இருக்குமிடத்துக்கே திருப்பிவிடுவார். ‘இப்போது உறங்குகிறார், விடிந்ததும் அழையுங்கள்’ என்று சொல்லவும் அவரால் முடியும். பொத்தான்கள் பிறக்குமுன்பே அவ்விரண்டு வேலைகளையும் ஒரு மனிதரின் அறிவு செய்து வந்தது. அதிலும் எது அவசரம், எது அவசரமன்று என்று பகுத்துணரும் ஆற்றல் எந்தப் பொத்தானுக்கும் இன்றுவரை முழுமையாக வாய்க்கவில்லை என்பேன்.

ஆயின், அத்தனையும் ஒருவர் தலையில் இருப்பது ஆபத்து அன்றோ? 1879ஆம் ஆண்டையொட்டி மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் மணல்வாரி அம்மை பரவியது. இணைப்பாளர்கள் அனைவரும் படுத்துவிட்டால் புதியவர்களுக்கு எந்தத் துளை யாருடையது என்று தெரியாதே என மோசஸ் கிரீலி பார்க்கர் என்னும் மருத்துவர் அஞ்சினார். பெயருக்குப் பதிலாக எண் கொடுங்கள் என்று அவர் கூறிய யோசனையிலிருந்தே தொலைபேசி எண் பிறந்தது.

மற்றோர் ஆபத்து நேர்மை பற்றியது. கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் இறந்தோரின் நல்லடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தி வந்தார். ஒரு காலத்தில் அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார் என்பதை நான் சற்றே பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குப் போய்ச் சேர்கின்றன என்றும், இணைப்பாளரே அவற்றைத் திருப்பிவிடுகிறார் என்றும் அவர் ஐயுற்றார். இணைப்பாளர் அப்போட்டியாளரின் மனைவி என்று கதை சொல்வார் உண்டு. கடைக்கு வெளியே தொங்கிய உலோகப் பலகை காற்றில் ஆடிக் கம்பியில் பட்டதே உண்மைக் காரணம் என்பாரும் உண்டு. எதுவாயினும் ஐயம் பெரும்பயன் விளைத்தது. மனிதர் கை படாமலே அழைப்பை உரியவரிடம் சேர்க்கும் தானியங்கிப் பொறிக்கு அவர் 1891இல் காப்புரிமை பெற்றார். 1892 நவம்பர் 3ஆம் நாள் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அம்முறையிலான முதல் இணைப்பகம் திறக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த பலனோ சிறிது. 1896இல் காப்புரிமைகளை 1,800 டாலருக்கும், 1898இல் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கை 10,000 டாலருக்கும் விற்றுவிட்டார். அவர் மறைந்த பின், 1916இல், அக்காப்புரிமைகளுக்கு 25 இலட்சம் டாலர் விலை கிடைத்தது.

நம் நாட்டில் 1882 சனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. முதல் தானியங்கி இணைப்பகம் 1913-14இல் சிம்லாவில் அமைந்தது.

தொலைபேசி தந்த பெல்லே தம் படிப்பறையில் அக்கருவியை வைத்துக்கொள்ள இசையவில்லை. சிந்தனைக்கு அது இடையூறு என்று கருதினார். 1922 ஆகஸ்டு 4ஆம் நாள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது, வட அமெரிக்கா முழுவதும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஓய்ந்திருந்தன. அவ்வளவு பெரிய மௌனத்தை இணைப்பகங்கள்தாம் ஏற்படுத்த முடிந்தது. தனி மனிதர் தம் மேசை மணியை அடக்க நினைத்தால் அன்று கருவியிலேயே அதற்கு வழி இல்லை. ஒலிவாங்கியை எடுத்துக் கீழே வைத்துவிடுவதே உபாயம். அப்போது அழைப்பவருக்கு, ‘வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்’ என்னும் பொய்க்குறிப்பே கேட்கும்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் எங்கள் பணியாளர் பெரியவரே இவ்வேலையைச் செய்தார். வகுப்பு நேரத்தில் மணி அடித்தால் எடுத்து, ‘ஐயா பாடம் நடத்துகிறார்’ என்பார். குழந்தைக்கு உடல்நலமில்லை என்று பெற்றோர் அழைத்தால் மட்டும் வகுப்பறை வாசலுக்கு ஓடி வருவார். அவருக்கு யாரும் விதி எழுதிக் கொடுத்ததில்லை.

இவ்வேலையை இயந்திரம் ஏற்றதற்கு மின்னணுவியல் காரணம். பெல் நிறுவனத்தார் 1965 மே 30ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்துச் சக்கசன்னா என்னும் ஊரில் மின்னணு முறையில் இயங்கும் இணைப்பகத்தைத் திறந்தனர். இணைப்பைக் கம்பிகளின் அமைப்பு தீர்மானித்த நிலை மாறி, நினைவகத்தில் எழுதிய கட்டளைகள் தீர்மானிக்கும் நிலை வந்தது. ‘இந்த எண்ணுக்கு வருவதை அந்த எண்ணுக்கு அனுப்புக’ என்று எழுதுவதும் எளிதாயிற்று.

இன்றைய அலுவலகத் தொலைபேசியில் அழைப்பைத் திருப்புவது பெரும்பாலும் மூவகை: எல்லா அழைப்புகளையும் திருப்புவது, வேறு அழைப்பில் இருக்கும்போது மட்டும் திருப்புவது, சில முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால் திருப்புவது. என் கருத்தில் மூன்றாவதே பண்பட்டது. மேசைக்கு உரியவருக்கும் ஒரு வாய்ப்பு அளிக்கிறது. முதல் வகையை இட்டுவிட்டு, விடுமுறை முடிந்து திரும்பியும் நீக்க மறந்தவர்களின் மேசைமணி வாரக்கணக்கில் வாய்திறவாமல் கிடக்கும். அழைப்புகளெல்லாம் அடுத்த மேசைக்காரரை வதைத்துக்கொண்டிருக்கும். இருவர் தத்தம் அழைப்புகளை ஒருவர்க்கொருவர் திருப்பிவிட்டால் அழைப்பு முடிவின்றிச் சுற்றாதோ என்று சிலர் வினவலாம். சுற்றாதபடி காப்பு உண்டு: எத்தனை முறை திருப்பப்பட்டது என்று எண்ணிவருமாறு அமைத்த பொறி, வரம்பு கடந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும்.