இல்லமும் மலையும்

திருவாரூருக்கு ஒருநாள் பயணமாகச் செல்வோர் சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த இல்லங்களை அன்றைக்கே கண்டு திரும்பலாம். சியாமா சாஸ்திரிகள் 1762ஆம் ஆண்டிலும், தியாகராசர் 1767ஆம் ஆண்டிலும், முத்துசுவாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டிலும் அவ்வூரில் தோன்றினர். பிறந்த மனையும் ஆண்டும் பாடலில் பதித்த முத்திரையும் தெளிவாக நிற்பதால், வரலாறு அவர்களை எளிதில் இனங்கண்டு கொண்டது.

விராலிமலையின் நிலை வேறு. 'விராலி' செடியின் பெயர். 'விறலி' சங்ககாலத்தில் பாடியாடிய பெண்ணின் பெயர். சொற்கள் வேறாயினும், மலை இரண்டாவது பெயருக்கும் உரியதாயிற்று. அருணகிரிநாதரை முருகன் வயலூரிலிருந்து இங்கு வருமாறு பணித்தான் என்பது மரபு. அத்தலத்தில் 32 தேவதாசியர் சதிராடினர். அவர்கள் ஆடிய குறவஞ்சியில் தலைவி உலாவரும் தலைவனைக் கண்டு காதலுறுவாள். குறத்தி தன் மலைவளம் கூறிக் குறியுரைப்பாள். குறத்தி வேடம் பூண்டு மலையைப் புகழ்ந்தவர்கள், அம்மலைப் படிகளை நாள்தோறும் ஏறியிறங்கிய பெண்களே என்பது நினைக்கத்தக்கது.

அம்மரபின் இறுதிக் கண்ணியாக அறியப்பட்டவர் முத்துக்கண்ணம்மாள். ஏழாம் தலைமுறையினர், ஏழு வயதில் பொட்டுக்கட்டப் பெற்றவர், தந்தை இராமச்சந்திர நட்டுவனாரிடம் பயின்றவர். தாமே பாடித் தாமே ஆடுவது அவர் முறை. மேனாட்டு மெட்டில் அமைந்த நோட்டுச் சுரமும் அவர் ஆடலில் இடம்பெற்றது. மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றியவர் தீட்சிதர். ஆக, திருவாரூர் இல்லத்தையும் விராலிமலைச் சதிரையும் தொட்ட காற்று ஒன்றே.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் (1886–1968) புதுக்கோட்டையில் பிறந்தவரே. 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்தது. 1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. பெண்களை விடுவித்த மாற்றம் நியாயமானது. எனினும், அவர்கள் கைக்கொண்ட கலைக்கு மாற்றிடம் தரும் பொறுப்பைச் சமூகம் ஏற்கவில்லை. முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ விருது கிட்டியது 2022ஆம் ஆண்டில்தான்.

கீர்த்தனை இயற்றியவருக்கு இல்லம் உண்டு. அதனை உடலில் சுமந்தவர்க்கு நினைவிடம் அரிது. குறவஞ்சி ஏடு அச்சேறும்போது சொல் மட்டுமே நிலைக்கிறது; மெட்டும் அடவும் அபிநயமும் ஆடியவரோடு மறைகின்றன. சொல்லைக் காப்பதே தமிழைக் காப்பதென்று கருதும் புலவர் உலகம், விராலிமலையை ஒருமுறை ஏறி இறங்குதல் நன்று.