ஆழிப்பேரலையும் ‘முஆமரா’வும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை காரைக்கால் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலைக்கு இந்தியாவின் அணுச் சோதனையே காரணமாக இருக்கலாம் என்று எகிப்திய வார இதழ் அல்-உஸ்பூ சில நாட்களிலேயே எழுதியது. சோதனையில் அமெரிக்க, இஸ்ரேலிய வல்லுநர்களும் பங்கேற்றனராம். உண்மையில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடித் தட்டு 1,200 கி.மீ.க்கும் மேலாகப் பிளந்து, 9.1 அளவு நிலநடுக்கம் உண்டானது. எந்த அணுகுண்டுக்கும் அந்த வலு இல்லை. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவ ஊர்களை வாரிச் சென்ற அலை, கெய்ரோவில் அரசியல் செய்தியானது.

இத்தகைய கதைகளின் மையம் சதி; அதற்கு அரபியில் ‘முஆமரா’ என்று பெயர். அரபு அரசியலில் இச்சொல் அடிக்கடி ஒலிப்பது ஏன் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. டேனியல் பைப்ஸ் 1996இல் வெளியிட்ட நூலில் இந்தச் சதி நம்பிக்கையை மத்தியக் கிழக்கு அரசியலைக் கெடுக்கும் மனப்போக்காகப் பார்த்தார். மார்வின் ஜோனிஸ், கிரெய்க் ஜோசப் இருவரும் 1994இல் உளவியல் வழியே விளக்கம் தேடினர். மத்தியூ கிரே 2010இல் எழுதிய நூல், அரசுக்கும் மக்களுக்கும் இடையே விழுந்த விரிசலைக் காரணமாக்கியது: தகவலை மறைக்கும் அரசு தன் தோல்விக்கு அந்நியரைச் சாடுகிறது, அரசை நம்பாத மக்களோ அதன்மீதே சதி சுமத்துகிறார்கள்.

இவற்றுள் கிரேயின் விளக்கமே வலுவானது. மனப்போக்கை மட்டும் பேசுவோர், நடந்த சதிகளை எளிதில் கடந்துவிடுகிறார்கள். உதுமானியப் பேரரசின் அரபு நிலங்களைப் பங்குபோட பிரிட்டனும் பிரான்சும் 1916இல் செய்த சைக்ஸ்–பிக்கோ உடன்பாடு இரகசியமானது. மறு ஆண்டு ரஷ்யப் போல்ஷெவிக்குகள்தான் அதை அம்பலப்படுத்தினர். 1956இல் எகிப்தைத் தாக்க பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் பாரிசை அடுத்த செவ்ரில் இரகசியமாகக் கூடித் திட்டமிட்டன. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் இராக்கின்மீது படையெடுத்தன. சொன்ன ஆயுதங்கள் கிடைக்கவில்லை. இத்தனையும் கண்ட வாசகருக்கு, ஆழிப்பேரலைக் கதை முழுப் புளுகாகத் தோன்றியிருக்காது. ஆனாலும் பழைய சதி மெய்யானதால் புதிய கதை மெய்யாகிவிடாது.

சதிக்கதைகளை நம்புவதை அரபியரின் தனிக்குணமாக்குவதும் பிழை. மைக்கேல் புட்டரும் மவுருஸ் ரெய்ன்கோவ்ஸ்கியும் 2014இல் பதிப்பித்த தொகுப்பு, அமெரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் அருகருகே வைத்தே ஆராய்ந்தது. இந்தியாவிலும் 1970களில் இந்திரா காந்தி ‘அந்நியக் கை’ என்று ஓயாமல் எச்சரித்தார். இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மக்கள் திரண்டிருந்தபோது, போராட்டத்தின் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012 பிப்ரவரியில் குற்றம் சாட்டியவர், பிரதமர் மன்மோகன் சிங்.