கதவைத் தட்டினால் ஆள் இருக்க வேண்டும்

1964 மே மாதம் பிரித்தானியாவின் கிரானடா தொலைக்காட்சி, ஏழு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேரைப் படம்பிடித்துக் காட்டியது. அதில் ஆய்வாளராக இருந்த மைக்கேல் அப்டெட், பிறகு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப்போய், 2019இல் அவர்களின் அறுபத்துமூன்றாம் வயதுவரை வந்துசேர்ந்தார். பிறந்த வர்க்கம் ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் தொடரின் கேள்வி. அதைக் கேட்பதற்கே ஒரு வசதி வேண்டும். கதவைத் தட்டினால் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன இடத்தையாவது பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும். கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதே வயதில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அது வாய்க்கவில்லை.

முதற்படம் வந்த அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று இந்திய வம்சாவளியினரைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். மலையகத்துக் கதை என்றுதான் நினைப்போம். கொழும்பில் கூலிக்கும் வியாபாரத்துக்கும் வந்து குடியிருந்த இந்திய வம்சாவளியினரும் அதற்குள் அடக்கம். இருபத்தொரு வயதுப் படம் 1977 மே மாதம் வந்தது. ஓகஸ்ட்டில் இங்கே தமிழருக்கு எதிரான கலவரம். இருபத்தெட்டாம் வயதுப் படம் 1984இல். அதற்கு முந்தைய ஆண்டு ஆடியில் காலி வீதிக் கடைகள் எரிந்தன, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமானது, காங்கேசன்துறைக்குக் கப்பலில் சனத்தை ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைகளைத் தேடி ஒரு படக்குழு அப்போது வெள்ளவத்தைக்கு வந்திருந்தால், யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் ரொறன்ரோவுக்குமாக அலைந்திருக்கும்.

1979 வரை இலங்கையில் தொலைக்காட்சியே இல்லையே என்று கேட்கலாம். அது முதல் மூன்று படங்களுக்குத்தான் பதில். அந்தத் தொடரிலும் ஒருவர் அமெரிக்காவுக்கும் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்களே என்றால், அவர்களை யாரும் அடித்துத் துரத்தவில்லை. போன இடத்துக்குக் கமெராவும் போனது. இன்னொரு மறுப்புக்குத்தான் கனம் அதிகம்: வர்க்கம் இங்கேயும் வேலைசெய்தது. விமானச் சீட்டுக்கு வழி இருந்தவர் வெளிநாடு போனார். இல்லாதவர் முகாமிலிருந்து கொட்டாஞ்சேனையின் அதே தோட்டத்து வீட்டுக்குத் திரும்பினார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு கதவு உடைந்த பிறகு தொடங்கியது. உடைத்தவன் வர்க்கம் பார்க்கவில்லை.

கமெரா தொடராதவர்களை அரசு தொடர்ந்தது. பழைய அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. 57 என்று தொடங்கும் அட்டையும் வீட்டில் யார் யார் என்ற பொலிஸ் பதிவுத் துண்டும் போர்க்காலச் சோதனைச்சாவடிகளில் ஒன்றாக நீண்டன. 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் அவர்களிடம் இல்லை என்பதே பொலிஸார் சொன்ன காரணம்.