மாவலியின் பேரர்கள்

பெங்களூர் இந்திராநகரில் இருக்கும் என் தங்கை வீட்டில் சனிக்கிழமை மாலையானால் கூடத்து மேசை பிள்ளைகளுக்குப் போய்விடும். தங்கை மகனும் அவன் கல்லூரித் தோழர்களும் வரைபடத்தை விரித்து, இருபது முகப் பகடையை உருட்டி, விடிய விடிய விளையாடுவார்கள். ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் அதற்குள் பாத்திரங்களாக வாழ்வார்கள். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது அவன் ஒரு படத்தைக் காட்டினான். கொம்பு வைத்த முகம், செவ்வாடை, கையில் செங்கோல்.

"இவன்தான் மாமா அஸ்மோடியஸ். ஒன்பது நரகத்துக்கும் ராஜா. இவனோட லோர் மட்டுமே அவ்வளவு இருக்கு. நம்ம பக்கத்துல இப்படி ஒரு அசுர ராஜா உண்டா?"

உண்டு என்றேன். அசுர ராஜா மட்டுமில்லை, அவன் வம்சத்தில் வந்தோம் என்று மார்தட்டிய நிஜ அரசர்களும் இந்த ஊருக்கு அறுபது கிலோமீட்டருக்குள் கல்லும் செம்பும் விட்டுப் போயிருக்கிறார்கள் என்றேன். அவன் நம்பவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொம்புக்காரனைப் பார்த்துவிடலாம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற அந்த விளையாட்டை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்டார்கள். 1977இல் வந்த அதன் பூத கணங்களின் கையேட்டில் அஸ்மோடியஸ் நரகங்களின் அதிபதியாக இடம்பெற்றான். அதே புத்தகத்தில் நம் ராட்சசனும் புலித்தலையோடு, புகைக்குழல் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அஸ்மோடியஸ் கைகாக்ஸின் கற்பனை இல்லை. யூதர்களின் பழைய தோபித்து ஆகமத்தில், சாராள் என்ற பெண் மணந்த ஏழு கணவர்களையும் முதலிரவிலேயே கொன்ற பிசாசு அவன். தல்மூத் கதைகளில் பூதங்களுக்கே அரசன், சாலமோனைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் சிம்மாசனத்தில் அமர்ந்தவன்.

இந்தப் பெயரின் வேர் பழைய ஈரானிய மொழியில் இருக்கிறது என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. 'ஐஷ்ம தைவ', அதாவது சினத்தின் தைவன். தைவன் என்பது நம் 'தேவன்'தான். ஈரானில் ஜரதுஷ்டிரர் வழியில் தேவர்கள் பொய்த்தெய்வங்கள் ஆனார்கள், 'அகுர' என்ற சொல் உயர்ந்தது. அகுர மஸ்தா அங்கே பரம்பொருள். அகுர என்றால் நம் அசுர. இந்தப் பக்கம் ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் வருணனுக்கே அசுரன் என்பது புகழ்ப்பெயர். பின்னால்தான் அது பகைவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஒரே சொற்குடும்பம், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தீர்ப்பு, இந்தப் பக்கம் வேறு தீர்ப்பு. நரகத்து ராஜாவின் பெயருக்குள் ஒரு தேவன் ஒளிந்திருக்கிறான் என்றதும் மேசையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் பகடையைக் கீழே வைத்தார்கள்.

இனி நம் அசுரனிடம் வருவோம். பிரகலாதனின் பேரன் மாவலி. மூன்றடி மண் கேட்டு வந்த வாமனனுக்குத் தன் தலையையே மூன்றாம் அடியாகக் கொடுத்தவன். அவன் மகன் வாணன், ஆயிரம் கைகள் உடையவன். இந்த வாணன் பேரால் ஓர் அரச குலம் நடந்தது: வாணர், பாணர், மாவலி வாணராயர் என்று கல்வெட்டுகள் சொல்லும் குலம். சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தாக் கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கதம்ப மயூரசர்மன் பெரும்பாணர்களிடம் திறை வாங்கினான் என்று அது சொல்கிறது. அவ்வளவு பழைய குலம். கோலார்ச் சீமையிலிருந்து பாலாற்றின் வடகரை வரை, காளத்திப் பக்கம் வரை அவர்கள் நாடு பரந்திருந்தது. பெரும்பாணப்பாடி என்று அதற்குப் பெயர். கொடி கறுப்பு, முத்திரை நந்தி. வேலூருக்குப் பக்கத்துத் திருவல்லத்துக்கு வாணபுரம் என்று அவர்கள் காலத்தில் பெயர்.

இவர்கள் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். மூவுலகும் வணங்குகிற, தேவருக்கும் அசுரருக்கும் தலைவனான பரமேசுவரனைத் தன் வாயிற்காவலனாக வைத்த மாவலியின் குலத்தில் தோன்றியவர்கள் என்பதுதான் அவர்கள் சொல்லிக்கொள்ளும் முதல் பெருமை. மற்ற அரசர்கள் சூரியனைப் பிடித்தார்கள், சந்திரனைப் பிடித்தார்கள், அக்கினியைப் பிடித்தார்கள். இவர்கள் ஓர் அசுரனைப் பிடித்தார்கள். அதை மறைக்கவில்லை, மழுப்பவில்லை. கோயிலுக்குக் கொடை எழுதும் கல்லிலேயே, கடவுளை வாசலில் நிறுத்தியவன் எங்கள் பாட்டன் என்று பொறித்தார்கள். அந்தக் கோயில்களில் அதற்கு ஆட்சேபம் எழுந்ததாகவும் தெரியவில்லை.

நுணுக்கமாகப் பார்த்தால் இங்கே இரண்டு கதைகள் கலந்திருக்கின்றன. பாகவதத்தில் மாவலியின் பாதாள அரண்மனை வாசலைக் காப்பவர் விஷ்ணு. சிவன் காத்தது மகன் வாணனின் கோட்டையை. கல்வெட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இது பிழையென்று நான் சொல்ல மாட்டேன். வாணர்கள் சைவர்கள், தங்கள் சுவாமியே பாட்டன் வாசலில் நிற்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

உதயேந்திரத்தில் கிடைத்த வாண அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் செப்பேடு இந்த வம்சத்தை முறையாக அடுக்குகிறது. கொடுப்பதிலேயே இன்பம் கண்ட மாவலி, சிவனருள் பெற்ற வாணன், அவன் வழியில் ஜயநந்திவர்மன், விஜயாதித்தன், மல்லதேவன், வாணவித்தியாதரன், பிரபுமேரு என்று இறங்கி வருகிறது. புராணம் எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்று அந்தச் செம்பில் கோடு கிழிக்க முடியாது. விளையாட்டுப் பிள்ளைகள் 'லோர்' என்கிறார்களே, அந்தப் பழங்கதையை ஒரு நாட்டின் ஆட்சிக்கு அடித்தளமாக வைத்தவர்கள் இவர்கள்.

இவர்கள் கையால் ஆன ஒரு காரியம் பெங்களூர்க்காரர்கள் எல்லாரும் கடந்துபோகும் வழியில் இருக்கிறது. ஞாயிறு விடியலில் மூடுபனி பார்க்க நந்திமலைக்கு வண்டிகள் வரிசை கட்டும். அந்த மலையடிவாரத்து நந்தி கிராமத்தில் போகநந்தீசுவரர் கோயில் இருக்கிறது. கர்நாடகத்தின் மிகப் பழைய கோயில்களில் அது ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நுளம்பர் கல்வெட்டு அதைக் குறிக்கிறது. ஏறக்குறைய 810ஆம் ஆண்டைச் சேர்ந்த வாணர் செப்பேடும் அந்தச் சிவன் கோயிலைப் பேசுகிறது. வாணவித்தியாதரனின் அரசி இரத்தினாவளி எடுப்பித்த கோயில் அது. ஓர் அசுர குலத்து மருமகள் கட்டிய சந்நிதி! மலைமேல் போகிறவர்களில் கால்வாசிப் பேர் கீழே இறங்கிப் பார்த்தால்கூட நான் மகிழ்வேன்.

தமிழ் வாசகருக்கு வாணன் புதியவன் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் குடக்கூத்து, வாணன் பேரூர் வீதியில் மாயவன் ஆடியது. கடையம், அதே ஊரின் வடக்கு வாயிலில் இந்திராணி ஆடியது. மணிமேகலையில் சோழன் கிள்ளியின் தேவி சீர்த்தி மாவலியின் வழிவந்தவள் என்று சாத்தனார் பெருமையாகவே சொல்கிறார். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் 'பொன்னியின் செல்வன்' தொடருக்குக் காத்திருந்து படித்த நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள், வந்தியத்தேவன் எந்தக் குலம் என்று. வல்லத்து வாணர் குலம் என்று பட்டெனச் சொல்வார்கள். வீராணம் ஏரிக்கரையில் குதிரையேறி வந்து நம் மனத்தில் குடியேறிய அந்த வீரனைக் கல்கி மாவலியின் பேரனாகத்தான் படைத்தார்.

அந்த நாவல் நடக்கும் காலத்துக்கு முன்பே வாணர் ஆட்சி முடிந்திருந்தது. முதலாம் பராந்தகன் இரண்டு வாண அரசர்களை வேரோடு பிடுங்கினான் என்று கங்க அரசன் இரண்டாம் பிருதிவிபதியின் செப்பேடு சொல்கிறது. அவர்களது பட்டத்தையே பிடுங்கி, 'பாணாதிராஜன்' என்று அந்தக் கங்கனுக்குச் சூட்டினான் சோழன். நிலம் போவதைவிட இது கொடுமை. பாட்டனின் பெயரை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டான்.

ஆனாலும் பெயர் சாகவில்லை. ஆறகழூரில் பொன்பரப்பின வாணகோவரையர்கள் எழுந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் மதுரைப் பக்கம் மாவலி வாணாதிராயர்கள் ஆண்டார்கள். அழகர்கோயில் கல்வெட்டில் ஒருவன் பெயர் இப்படி வருகிறது: திருமாலிருஞ்சோலை நின்றான் மாவலி வாணாதிராயன் உறங்காவில்லிதாசன். மாவலியை மண்ணுக்குள் அழுத்திய அதே திருமாலின் வாசலில், மாவலி என்ற பெயரை விடாமல், தாசனாக நின்றிருக்கிறான் அந்தப் பேரன். பாட்டன் வாசலில் கடவுள் நின்றார். கடவுள் வாசலில் பேரன் நின்றான். இந்த ஒரு பெயருக்குள் இருக்கும் கதை எந்த விளையாட்டுக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நம்மவர்கள் செய்யும் விளையாட்டுகளிலும் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். கணினி விளையாட்டு நிறுவனமான துருவா இன்டராக்டிவ் 1997இலேயே பெங்களூரில் தொடங்கியது. 2020இல் புனேயிலிருந்து 'ராஜி' என்ற அழகான விளையாட்டு வந்தது. ராஜஸ்தானக் கோட்டைகளும் பஹாடி ஓவியச் சாயலும் கண்ணைப் பறிக்கும். அதில் அசுரர் தலைவன் பெயர் மகாபலாசுரன். கடைசியில் வெட்டப்பட வேண்டியவன், அவ்வளவுதான். அசுரன் என்றாலே கொம்பு முளைத்த இலக்கு என்ற பார்வை அஸ்மோடியஸின் ஊருக்குப் பொருந்தும். மாவலியின் மண்ணுக்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டில் நரகாசுரனை முடித்ததும் தீபாவளி முடிந்துவிடுகிறது. கர்நாடகத்தில் அமாவாசைக்கு மறுநாள் பலிபாட்யமி, அரசு விடுமுறை. மாவலி தன் மக்களைப் பார்க்க வரும் நாள். துளு நாட்டில் விளக்கேற்றி வயலில் நின்று 'பலீந்திரா' என்று கூவி அழைப்பார்கள். ஓர் அசுர அரசனுக்காக அலுவலகங்களும் பள்ளிகளும் மூடியிருக்கும் அந்த நாளில், பெங்களூர்த் தமிழர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நந்தி கிராமத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பகடை உருட்டுகிற பிள்ளைகளாக இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். என் மருமகனை இந்த முறை நான் கூட்டிப் போகிறேன்.