கலத்தியா கரையும் எழுவரி ஆமையும்

பாரத நாட்டின் தென்கோடி குமரிமுனை என்றே நம்மில் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அது பெரிய நிக்கோபார்த் தீவிலுள்ள இந்திரா முனையாகும். அதற்குச் சற்று வடக்கே கலத்தியா விரிகுடா அமைந்துள்ளது. 1846-ஆம் ஆண்டில் இத்தீவுகளுக்கு வந்த டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சிக் கப்பலின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. 1969 முதல் இத்தீவில் குடியேறிய முன்னாள் படைவீரர் குடும்பங்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆயினும் இக்கப்பலுக்கும் நெடுங்காலம் முன்பிருந்தே இக்கரையை நாடி வருவது எழுவரி ஆமை.

முதுகில் நீளவாட்டில் ஏழு வரம்புகள் கொண்ட இவ்வாமையே இன்று உலகில் வாழும் ஆமைகளுள் மிகப் பெரியது. 1988-இல் வேல்ஸ் நாட்டுக் கரையில் ஒதுங்கிய ஒன்று 900 கிலோகிராமுக்கும் மிகுந்த எடையுடையதாயிருந்தது. கடினமான ஓட்டுக்குப் பதிலாகத் தடித்த தோலே இதன் முதுகைப் போர்த்தியுள்ளது. மீனவர் சொறி என்று வழங்கும் இழுதுமீன்களே இதன் முக்கிய உணவு.

கார்த்திகை முதல் மாசி வரையுள்ள இரவுகளில் பெண் ஆமை கரையேறி, மணலில் குழிபறித்து முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்கு மீள்கிறது. ஏறக்குறைய 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. மணலின் சூடு மிகுந்தால் பெண்ணும், குறைந்தால் ஆணும் பிறக்கின்றன. ஆகவே மணற்கரையே இவற்றின் தொட்டில்.

அத்தொட்டில்கள் அருகி வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லத்துக் கரையில் இவ்வாமைகள் முட்டையிட்டன. இன்று அந்தமான் நிக்கோபார்த் தீவுகளே இந்நாட்டில் இவற்றுக்குப் புகலிடம். 1997-இல் கலத்தியா சரணாலயமாயிற்று. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தது. தீவின் தென்முனை நான்கு மீட்டருக்குமேல் தாழ்ந்தது. எனினும் கடல் மீண்டும் மணலைக் கொண்டுவந்து சேர்க்க, ஆமைகளும் திரும்பின. 2011 முதல் சிறிய அந்தமானில் கருவி பொருத்தி விடப்பட்டவற்றுள் சில மேற்கு ஆஸ்திரேலியா நோக்கியும், வேறு சில ஆப்பிரிக்கக் கரை நோக்கியும் சென்றமை துணைக்கோள் வழியே தெரிந்தது.

2021-இல் கலத்தியா சரணாலய நிலையை இழந்தது. 2022-இல் அங்குப் பெருந்துறைமுகம் அமைக்கச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பெற்றது. அதே ஆண்டில் சிறிய நிக்கோபாரில் ஆமைகளுக்குச் சரணாலயம் அமைக்கும் அறிவிப்பும் வெளிவந்தது. நாட்டுக்கு வாணிகம் வேண்டுவதே. ஆனால் அரசிதழின் அறிவிப்பு ஆமைக்கு எட்டாது; தான் பிறந்த கடற்கரைப் பக்கமே அது மீண்டும் நாடி வரும். அலை குலைத்த கரையைக் கடலே சீராக்கித் தந்தது. கல்லும் காரையும் கொண்டு நாம் அடைத்த கரையை அது திருப்பித் தருமா என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நம் கடமையன்றோ?