செஞ்சிக் கதையும் மெய்ப்பாட்டு வகையும்

கதை கேட்டுக் கண்ணீர் விடுதல் எளிது; அக்கண்ணீர் எதனாற் பிறந்ததென்று ஆராய்தலே அரிது. அவ்வாராய்ச்சிக்குக் கருவியாகவே தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை வகுத்தனர். உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கட் புலப்படுதல் மெய்ப்பாடாம். அதனை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக்கி, ஒவ்வொன்றற்கும் நந்நான்காக 32 நிலைக்களன் கூறினர். ஒரு செயலைக் கண்டு மெய்ப்பாட்டைத் துணிதல் கூடாது; நிலைக்களன் கண்டே துணிதல் வேண்டும். இதற்குச் செஞ்சித் தேசிங்கு வரலாறு சான்றாம்.

செஞ்சிக் கோட்டையை ஆண்ட பொந்தேல இராசபுத்திரன் சொரூபசிங்கு 1714-இல் இறந்தபின், அவன் மைந்தன் தேசிங்கு ஆட்சி பெற்றான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் திறைப்பாக்கி கேட்ப, அவன் கொடானாயினான். அவ்வாண்டிலேயே சிறுபடையோடு பெரும்படையை எதிர்ந்து மாண்டான்.

இஃது இளமைச் சினத்தால் விளைந்த கேடென்பார் உளர். வெகுளிக்கு நிலைக்களன் உறுப்பறுத்தல், குடிகோள், அலைத்தல், கொலை என்பன. திறை கேட்டல் இவற்றுள் ஒன்றன்று. படையொடு வந்தமையின் குடிகோளாம் எனின், அற்றன்று. வெகுளி பகைவன் அழிவையே நாடும். தேசிங்குராசன் கதையோ அவன் அஞ்சாமையையும் புகழையுமே நாடிச் செல்கின்றது. தறுகணும் இசைமையும் பெருமிதத்தின் நிலைக்களன்கள். ஆகலின் அவன்பாற் பிறந்தது பெருமிதமே என்க. அரசியல் நோக்கிற் பிழையாயினும், தோற்றவனை மக்கள் பாடியதன் காரணம் இதுவே.

இனி, யாருடைய மெய்ப்பாடு என்பதும் நோக்கற்பாலது. முகம்மதிய நண்பன் தன் மணவினையை விடுத்துக் களம் புக்கான் எனக் கதை கூறும். அவன்பால் உள்ளது பெருமிதம். கேட்போர்பாற் பிறப்பது மருட்கை. செட்டிகுளக்கரையில் தேவி தீப்புக்காள் என்பது செஞ்சி வழக்கு. அங்கே கேட்போர்பால் அழுகை பிறக்கும். அஃது இழவு பற்றியது.

செஞ்சிக்கு அயலதாகிய திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றையும் ஈண்டு ஒப்பு நோக்குக. முத்தநாதன் சிவவேடம் பூண்டு வந்து குத்தினான். கொலை என்னும் வெகுளிக் களன் முழுதும் அமைந்தும், வெகுளி தத்தன்பால் எழுந்ததன்றி நாயனார்பால் எழவில்லை. தம்மைக் குத்தினவனையே ஊறின்றி விடுத்துவரப் பணித்தனர். தேசிங்கின்பால் வெகுளிக் களன் இன்றியும் அவனை வெகுண்டான் என்பர். நாயனார்பால் அக்களன் இருந்தும் வெகுளி இல்லை. களன் இன்றி மெய்ப்பாடு கற்பித்தல் வீரனை மூர்க்கனாக்கும். களன் ஒன்றே கண்டு மெய்ப்பாடு துணிதல் அடியார் திருவுள்ளத்தை மறைக்கும். இவ்விரண்டு வழுவும் நீங்கக் கதைகளை ஓதுவதே மெய்ப்பாட்டியல் கற்றதன் பயனாம்.