கிராமிய உழைப்பு (ஓவியத்தில்)

உழவும் அறுவடையும் சித்திரத்துக்குரிய விஷயமான வரலாற்றைத் தமிழ் நிலத்தில் தேடுவோர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தருக்காக 19ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் தாளிலும் திருச்சிராப்பள்ளியில் காக்காய்ப்பொன் தகடுகளிலும் தீட்டப்பெற்ற தொழிற்படத் தொகுப்புகளையே முதலில் நாட வேண்டும். இவற்றுள் ஒவ்வொரு சாதியாரும் பெரும்பாலும் கணவனும் மனைவியுமாகத் தத்தம் கருவியோடு நிற்பர். வேலை நிகழ்வது அரிது. இலங்கையில், புதுச்சேரியிற் பிறந்த சில்வாஃப் தீட்டிய மக்கட் படங்களிலும் உடைக்குக் கிடைத்த கவனம் உழைப்புக்குக் கிடைக்கவில்லை. துரைமார் விரும்பியது ஞாபகார்த்தம், வியர்வை அன்று.

பிரான்சிலோ, 1848ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து, வேந்தருக்கும் தேவதைகளுக்கும் உரியதென்று கருதப்பெற்ற பெருஞ்சித்திரத்தில் கூர்பே கல்லுடைப்போரை இருத்தினார் (1849, இவ்வோவியம் 1945இல் அழிந்தது). அதே ஆண்டில் ரோசா போனர் என்னும் பெண்மணி நிவெர்னே நாட்டு உழவைத் தீட்டினார். அதில் உழவரினும் எருதுகளே கண்ணை நிறைக்கின்றன.

நார்மண்டியில் உழவர் குடும்பத்தில் 1814இல் பிறந்து, பார்பிசோன் கிராமத்திற் குடியேறிய மில்லேயின் ‘கதிர் பொறுக்குவோர்’, 1857ஆம் ஆண்டுப் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. முன்புறத்தில் மூன்று ஏழைப் பெண்கள். இருவர் தரைமட்டும் குனிந்திருக்க, மூன்றாமவள் பாதி நிமிர்ந்த நிலையில் கைப்பிடிக் கதிரோடு நிற்கிறாள். முகங்கள் நிழலில் மறைய, முதுகின் வளைவே பேசுகின்றது. தொலைவில் வெயில் படிந்த கதிர்க்குவியல்கள், வண்டி, குதிரைமேல் மேற்பார்வையாளன்: விளைச்சல் எவருடையதென்பது அவ்வளவிலேயே விளங்கிவிடும். இலங்கையின் கிண்ணியா வயற்புறத்து வாசகருக்கு அந்த இடுப்புவலியை எவரும் விளக்க வேண்டியதில்லை. பாரிஸ் விமர்சகர் சிலரோ அப்பெண்களுக்குப் பின்னே புரட்சியின் நிழலைக் கண்டு அஞ்சினர். 1859இல் பிரெத்தோன் தீட்டிய கதிர் பொறுக்கும் பெண்கள் மாலையொளியில் எழிலோடு வீடு திரும்புவதாலோ என்னவோ, அரசவையே அவ்வோவியத்தை விரும்பி ஏற்றது.

காண்போர் எவரென்பது சித்திரத்தை எத்துணை மாற்றும் என்பதற்கு இந்தியாவின் சிறந்த சான்று, காந்தியடிகளின் வேண்டுகோட்படி நந்தலால் போஸ் 1938ஆம் ஆண்டு ஹரிபுரா காங்கிரசுக்காகத் தீட்டிய சித்திர வரிசையாகும். ஏரோட்டுவோனும் தச்சனும் பஞ்சு கொட்டுவோனும் தடித்த கோடுகளில் தத்தம் வேலையில் மூழ்கியிருக்கும் அப்படங்கள், கிராமத்தார் நடந்து செல்லும் வழியிலேயே பார்க்குமாறு மாநாட்டுப் பந்தல்களில் பொருத்தப்பெற்றன. அவற்றுட் பல இன்று புதுடில்லியின் தேசிய நவீன கலைக்கூடத்தில் உள்ளன.